ஒட்டவைத்த கால்

“நன்றி சொல்ல எனக்கு மனசு வரல, டீச்சர்” என்றார் கோமதிநாயகம்.

செண்பகவல்லி டீச்சர் நிமிரவில்லை. மூங்கில் குச்சியின் முனையால் ஒரு சின்னத் தகட்டிலிருந்து சேற்றை நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குச் சொல்லணும்?”

“அம்மனுக்கு.”

“என்ன கொடுத்தா?”

“பாதி கொடுத்தா.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“முழுசாக் கேட்டேன்.”

டீச்சர் தகட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். அது ஒரு கண். இமை மட்டும் இன்னும் சேற்றுக்குள் இருந்தது.

“உக்காருங்க, அண்ணாச்சி. அந்தப் பிரஷ்ஷை எடுங்க.”

அந்த ஊரில் வேண்டுதல் பலித்தவர்கள் தகட்டில் அடித்த சிறு உருக்களைக் கோயில் குளத்தில் போடுவார்கள். கண் தெளிந்தவர் கண்ணைப் போடுவார். கால் குணமானவர் காலை. பிள்ளை பிறந்தவர்கள் தொட்டிலை. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் உருக்கள்.

என்ன உரு என்று பேர் சொல்லித்தான் போட வேண்டும். அம்மனுக்குக் காது நன்றாகக் கேட்கும், ஆனால் குளத்துத் தண்ணீருக்கடியில் அவ்வளவாகக் கண் தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு.

கோடையில் குளத்தைத் தூர்வாரினார்கள். சேற்றை லாரியில் அள்ளிக் கோயில் வயலில் கொட்டினார்கள். ஆடு மேய்க்கப் போன பிரமுவின் குதிகாலை ஏதோ கிழித்தது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வெள்ளித் தொட்டில்.

அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. தாத்தா, முப்பாட்டன் காலத்திலிருந்து சொன்ன நன்றி முழுவதும் சேற்றோடு சேர்ந்து வயலுக்குப் போய்விட்டது.

திரும்ப எடுக்க வேண்டும். சுத்தம் செய்ய வேண்டும். இன்னது என்று கண்டுபிடித்து, பேர் சொல்லி மறுபடி போட வேண்டும். மழை வந்து குளம் நிறைவதற்குள் முடிக்க வேண்டும்.

கோயில்காரர்கள் செண்பகவல்லி டீச்சரிடம் வந்தார்கள். அவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருபவர். முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. உலோகம் தேடும் மெஷின் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

பள்ளி விட்டபின்பும் விடுமுறை நாட்களிலும் அவர் குளத்தங்கரை மண்டபத்தில் வாளிகளோடு உட்கார்ந்தார். ஒருவர் ஒரே இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் வந்து மனக்குறையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சொல்ல ஆரம்பித்தார்கள்.

டீச்சர் பதில் சொல்வது அரிது. பிரஷ் கொடுப்பார்.

*

கோமதிநாயகம் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பவர். டீச்சரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். அவர் மனைவி ஆவுடையம்மாள்.

பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“ஆவுடைக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தா. உசிரு தங்கி முழுசா எந்திரிச்சா வெள்ளியில முழு உருவம் போடுதேன்னு வேண்டிக்கிட்டேன்.”

“தங்குச்சா?”

“தங்குச்சு. நடக்கா. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமா வருது. வலது கைதான் வரல. இனிமே வராதுன்னுட்டாங்க.”

டீச்சர் வாளியில் தண்ணீர் மாற்றினார்.

“இடது கையால சாப்பிட மாட்டேங்கா. ‘பட்டினி கெடந்தாலும் கெடப்பேன், பீச்சங்கையால திங்க மாட்டேன்’ங்கா. நான்தான் பிசைஞ்சு ஊட்டுதேன்.”

“உருவம் செஞ்சாச்சா?”

“ஆசாரி செஞ்சு கொடுத்து பீரோவுல கெடக்கு. அதுக்கு ரெண்டு கையும் இருக்கு, டீச்சர். எடுத்துப் பாத்தாலே எனக்கு எரியுது. இதை ‘முழுசு’ன்னு பேர் சொல்லிப் போடணுமாம். பச்சைப் பொய்யில்லா அது?”

“சரி, போடாதீங்க.”

“அவ விடணுமே! ஒவ்வொரு உருண்டைக்கும் கேக்கா. ‘போட்டாச்சா? போட்டாச்சா?’ வேண்டுதல் நிக்குதுன்னா இருக்கதையும் அம்மன் திருப்பி எடுத்துக்கிடுவாளாம். பயந்து சாகுதா. மழைக்குள்ள போடணும்ங்கா.”

“நீங்க பயப்படலியா?”

“எனக்குப் பயம் இல்ல. கோவம்.”

டீச்சர் ஒரு தட்டை அவர் பக்கம் தள்ளினார். அதில் சேறு அப்பிய தகடுகள் கிடந்தன. வற்றிய குளத்தில் காய்ந்த மீன்குஞ்சுகள் போல.

“இதுல என்னென்ன இருக்குன்னு பாருங்க. தெரிஞ்சா பேர் சொல்லுங்க.”

“இதுதான் பதிலா, டீச்சர்?”

“இல்ல. இது வேலை.”

*

மறுநாள் அவர் வீட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கும் பொடி கொண்டுவந்தார்.

“இதைப் போட்டு ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்.”

டீச்சர் வாங்கிக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டதும் தன் டிபன் பாக்ஸை அதில் தேய்த்தார்.

“ரொம்ப நல்லாப் போகுது, அண்ணாச்சி. நாளைக்கும் கொண்டுவாங்க.”

பொடி அப்படியே தூண் ஓரத்தில் இருந்துவிட்டது. உருக்களின் பக்கம் வரவில்லை.

அவர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

முதலில் ஊறவைக்க வேண்டும். பேட்டரிக் கடையில் விற்கும் உப்பில்லாத தண்ணீரில். சேறு தானாக விடும்வரை பொறுக்க வேண்டும். விடாததை மூங்கில் குச்சியால் நெம்ப வேண்டும். ஊசி கூடாது. ஊசி கோடு போடும், பிறகு எது ஆசாரி போட்ட கோடு, எது நாம் போட்ட கோடு என்று தெரியாது.

வெள்ளி கறுத்திருந்தால் இருக்கட்டும். செம்பில் பச்சை படிந்திருந்தால், அது பொடியாக உதிராத வரையில் அதுவும் இருக்கட்டும். கோடே தெரியாத வெள்ளியை மட்டும் வெந்நீரில் ஆப்ப சோடாவும் அலுமினியத் தாளும் சேர்த்துப் போட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம்.

“இது என்ன, அண்ணாச்சி?”

“இலை.”

“திருப்புங்க.”

திருப்பினார்.

“அட, காது!”

“காது.”

“காது கேக்க ஆரம்பிச்ச யாரோ போட்டிருக்காங்க.”

“மாமியார் பேச்சு கேக்காமப் போன மருமகளாவும் இருக்கலாம்.”

கோமதிநாயகம் சிரித்தார். சிரித்துவிட்டதை உணர்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

ஒரு தேள் வந்தது. கொடுக்கு தனியாகத் தூக்கி நின்றது. “தேள் கொட்டி யாரோ பொழைச்சிருக்காங்க டீச்சர்!” என்றார், சொந்தக்காரர் பிழைத்த மாதிரி. ஒரு வயிறு வந்தது. தொப்புள் மட்டும் இல்லாவிட்டால் அதை அவர் அப்பளம் என்றே சொல்லியிருப்பார். ஒரு பசுமாடு. ஒரு பல்வரிசை. ஒரு பஸ்.

பஸ்ஸை இருவரும் வெகுநேரம் பார்த்தார்கள்.

“பஸ் வாங்குனவரா, பஸ்ல அடிபட்டுப் பொழைச்சவரா?”

“ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான்” என்றார் டீச்சர். “பஸ்.”

*

பிறகு அவர் மெஷினையும் கேட்டு வாங்கினார்.

ரேடியோக்காரர் அல்லவா? அதன் ஹெட்போனைக் காதில் மாட்டியதும் முகம் மாறிவிட்டது. வயலில் மெல்ல நடந்தார். மெஷினின் அடித்தட்டைத் தரையோரமாக இடதும் வலதுமாக வீசினார். சத்தம் வந்த இடத்தில் உட்கார்ந்து கரண்டியால் தோண்டினார்.

பிரமு ஆடுகளோடு வரப்பில் நின்று பார்த்தாள்.

“என்ன அண்ணாச்சி, தரை பேசுதா?”

“பேசுது.”

“என்ன சொல்லுது?”

“சோடா மூடின்னு சொல்லுது.”

“நல்லாக் கேளுங்க. நேத்து எங்கிட்ட பாக்குத் தாள்னு சொல்லிச்சு.”

பாக்குத் தாளும் கிடைத்தது. சோடா மூடியும் கிடைத்தது. ஆணிகள் கிடைத்தன. நடுநடுவே ஒரு கண், ஒரு கை, ஒரு வீடு.

அப்படி ஒரு சாயங்காலம் அந்த உரு கிடைத்தது.

ஊறவைத்தார். சேறு விட்டது. வெள்ளி. நல்ல கனம். ஒரு மனித உருவம். கும்பிட்ட கைகள். தலைக்கு மேல் நூல் கோக்க ஒரு ஓட்டை. அழகான முகம்.

ஒரு கால் இல்லை.

“டீச்சர், இது உடைஞ்சிருக்கு.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

“உடைஞ்சிருக்கா?”

“இடது கால் இல்ல, பாருங்க. பாதித் தொடையோட போயிட்டு. லாரியில அள்ளும்போது மண்வெட்டி பட்டிருக்கும். அந்த வயல்லதான் எங்கயாவது கெடக்கும். தேடுதேன்.”

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு உருவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

“தேடுங்க” என்றார்.

*

அவர் வேறெதையும் தேடவில்லை.

கண் கிடைத்தால் ஓரமாக வைத்தார். தொட்டில் கிடைத்தால் ஓரமாக வைத்தார். ஏற்கெனவே பார்த்த பாத்தியை மறுபடி பார்த்தார். குறுக்கே நடந்தார். நெடுக்கே நடந்தார்.

மேற்கே மலை கறுக்க ஆரம்பித்திருந்தது.

வீட்டில் ஆவுடையம்மாள் கேட்டாள். அவளுக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

“போட்டாச்சா?”

“இல்ல. ஒரு கால் தேடுதேன். அது கெடச்சதும் போட்டிருவேன்.”

“யாரு... கால்?”

“தெரியல.”

ஆவுடையம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சோறு... ஆறுது” என்றாள்.

டீச்சரும் ஒருநாள் கேட்டார். “அந்தக் கால் கெடச்சா உங்களுக்கு என்ன, அண்ணாச்சி?”

கோமதிநாயகம் காதிலிருந்து கருவியைக் கழற்றினார். யோசித்தார்.

“குறையாக் கெடந்தது ஒண்ணாவது முழுசாச்சுன்னு இருக்கும். அப்ப எனக்கும் அம்மன் மூஞ்சியில முழிக்க முடியும்னு தோணுது.”

டீச்சர் தலையாட்டினார். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

கால் கிடைத்தது.

வயலின் மறுகோடியில், வாய்க்கால் ஓரத்தில். பாதித் தொடை, முழங்கால், கெண்டைக்கால், ஐந்து விரல்கள். வெள்ளிதான். உருவத்தோடு சேர்த்துப் பிடித்தார். கிட்டத்தட்டப் பொருந்தியது. கால் கொஞ்சம் நீளம். அதனால் என்ன?

அவர் வயலிலிருந்து நேராகக் கடைக்குப் போனார். பற்றவைக்கும் கோலைச் சூடேற்றினார். ஈயத்தை உருக்கினார். எத்தனையோ ரேடியோக்களைப் பேசவைத்த கை.

ஒட்டினார்.

*

மறுநாள் அதை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து டீச்சர் முன் விரித்தார்.

உருவம் இரண்டு கால்களில் நின்றது.

“பேர் சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“முழு ஆள்!”

டீச்சர் அதை எடுத்தார். தலையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

“தலைக்கு மேல ஓட்டை எதுக்கு, அண்ணாச்சி?”

“நூல் கோத்துப் போட. எல்லா உருவுலயும் இருக்குமே.”

“ஆமா. கண்ணுல இருந்துச்சு. காதுல இருந்துச்சு. பஸ்லகூட இருந்துச்சு.”

“ஆமா.”

“இந்தக் கால்ல, தொடை முனையில, ஈயம் மூடியிருக்கே. இது என்ன?”

கோமதிநாயகம் குனிந்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் பார்த்தார். ஈயத்துக்கு அடியில் ஒரு சின்ன வட்டப் பள்ளம் தெரிந்தது.

“ஓட்டை” என்றார்.

“ஒரு ஆளுக்கு எத்தனை நூல் கோப்பாங்க?”

அவர் கண்ணாடியை மறுபடி இறக்கிக்கொண்டார்.

“இது தனிக் கால், அண்ணாச்சி. யாரோ ஒருத்தருக்குக் கால் குணமாயிருக்கு. அவர் செஞ்சு போட்டது. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தரோட வேண்டுதல்ல ஒட்டிட்டீங்க. இப்ப யாரு குணமானதுக்கு யாரு நன்றி சொல்லுதாங்க? அம்மன் குழம்பிப் போவா.”

கோமதிநாயகத்தின் காது சிவந்தது.

“ஓட்டையை நான் பாக்கவே இல்ல, டீச்சர். ஒட்டணும்னு ஒரே நெனப்பு. கழட்டிருதேன்.”

“கழட்டுங்க. ஈயம் ஒரு துளியும் தங்கப்படாது.”

“தங்காது. அது எனக்குத் தெரியும்.”

அது அவருக்குத் தெரியும். கடைக்குப் போய்ப் பற்றவைக்கும் சூட்டுக்கோலைக் கொண்டுவந்து மண்டபத்து பிளக்கில் மாட்டினார். மெல்லிய செப்புக் கம்பிப் பின்னலை ஈயத்தின் மேல் வைத்து, அதன்மேல் சூட்டுக்கோலை வைத்தார். ஈயம் உருகிப் பின்னலுக்குள் ஏறியது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. பின்னலை மாற்றினார். மறுபடி வைத்தார். கால் தனியே வந்து துணியில் விழுந்தது.

அதை எடுத்துத் துடைத்து, “மன்னிச்சுக்கிடுங்க” என்று யாரென்று தெரியாத ஒருவரிடம் சொல்லி, தட்டில் வைத்தார்.

பிறகு உருவத்தை எடுத்தார். இல்லாத காலின் விளிம்பில் இன்னும் கொஞ்சம் ஈயம் ஒட்டியிருந்தது. அதுவரை அவர் அந்த விளிம்பைச் சரியாகப் பார்த்ததில்லை. ஒட்ட வேண்டிய இடம் என்று மட்டுமே பார்த்திருந்தார்.

அங்கும் பின்னலை வைத்துச் சூடு காட்டி, மூங்கில் குச்சியால் நெம்பினார்.

ஈயம் போனது. அதற்கு அடியில் இருந்த பழைய கறுப்பும் கொஞ்சம் போனது.

ஒரு புள்ளி தெரிந்தது.

உருவத்தின் ஓரம் முழுவதும் ஆசாரி உளியால் வரிசையாகப் புள்ளி அடித்திருந்தான். தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, இடுப்பு வழியாக வலது காலில் இறங்கி, பாதத்தைச் சுற்றி மேலே ஏறியது அந்த வரிசை. முறிந்த இடத்தில் வரிசையும் முறிந்திருக்க வேண்டும்.

முறியவில்லை.

இடது தொடை முடிந்த இடத்தில் புள்ளிகள் திரும்பின. குறுக்கே போயின. மறுபக்கம் ஏறி இடுப்போடு சேர்ந்துகொண்டன.

அவர் நகத்தால் தொட்டுப் பார்த்தார். விளிம்பு வழவழப்பாக இருந்தது. அரம் போட்டு ராவியிருந்தார்கள். கையில் குத்தக் கூடாது என்று.

“டீச்சர்.”

“ம்.”

“இது உடையல.”

“ம்.”

“இப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஒரு கால் இல்லாமலே. அவரே போயி ஆசாரிகிட்ட இப்படிச் செய்னு சொல்லியிருக்காரு.”

டீச்சர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“கால் போயிட்டு. போனபிறகு என்னத்துக்கு டீச்சர் நன்றி சொன்னாரு?”

“பேர் சொல்லுங்க, அண்ணாச்சி. தண்ணியில போட்டிருவோம்.”

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். கால் என்று சொல்ல முடியாது. முழு ஆள் என்றும் சொல்ல முடியாது. மூடிக்கொண்டார்.

“அப்ப இன்னும் அடையாளம் தெரியல” என்றார் டீச்சர். “தட்டுல வையுங்க.”

*

மலையில் பெய்த மழை வாய்க்கால் வழியாக வந்துவிட்டது. குளத்தின் அடிப்படிகள் நனைந்தன. மறுநாள் இன்னும் ஒரு படி.

கோமதிநாயகம் அந்த உருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று மெஷினைத் தொடவில்லை.

“டீச்சர், ‘ஆள்’னு மட்டும் சொல்லலாமா?”

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

இருவரும் படியிறங்கினார்கள். கோமதிநாயகம் உருவத்துக்கு மஞ்சள் நூல் கோத்தார். “ஆள்” என்றார். போட்டார்.

தண்ணீர் வாங்கிக்கொண்டது.

அவர் திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

“எனக்கு வழி தெரிஞ்சிட்டு, டீச்சர். வீட்டுல கெடக்க உருவத்துல வலது கையை வெட்டிருதேன். ஓரத்தை ராவி, புள்ளி அடிச்சு, அப்படியே போட்டிருதேன். அதுல பொய் இருக்காது. அம்மன் எதைக் கொடுத்தாளோ அதுக்கு மட்டும் நன்றி.”

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“அந்த ஆள் தன் உருவத்தைத் தானே செய்யச் சொன்னாருன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா.”

“இது யாரு உருவம்?”

“ஆவுடை உருவம்.”

“மதினியைக் கூட்டிட்டு வாங்க” என்றார் டீச்சர்.

*

ஆவுடையம்மாள் ஆட்டோவில் வந்தாள். கோமதிநாயகம் தோளைக் கொடுத்து மண்டபத்திலிருந்து படிவரை நடத்திக்கொண்டு வந்தார். அவள் படியில் உட்கார்ந்ததும் வலது கை மடியில் சும்மா கிடந்தது, தூங்கும் பிள்ளை மாதிரி.

“வாங்க மதினி.”

“வந்தேன்” என்றாள். டீச்சர் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். “இது... என்ன?”

“பஸ்” என்றார் டீச்சர்.

“யாரு... செத்துப் பொழைச்சா... பஸ்ல?”

“தெரியல மதினி. ஒருவேளை டிரைவர் லைசென்ஸ் வாங்குனாரோ என்னமோ.”

ஆவுடையம்மாள் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. சிரிப்பு முழுசாகவே இருந்தது.

கோமதிநாயகம் பையிலிருந்து வெள்ளி உருவத்தை எடுத்து அவள் இடது கையில் வைத்தார். தன் கையில் தகடு வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டார்.

“ஏட்டி, ஒண்ணு கேக்கேன். உன் வலது கை வரல. இதுல இருக்கு. இப்படியே போட எனக்கு மனசு கேக்கல. அதான் இத்தனை நாள் இழுத்தடிச்சேன். அந்தக் கையை வெட்டிட்டுப் போட்டிரட்டுமா? நீ சரின்னா வெட்டுதேன்.”

ஆவுடையம்மாள் உருவத்தை உற்றுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

“இது... நானா?”

“ஆமா.”

“எனக்கு... எப்ப இருந்துச்சு... இந்த இடுப்பு?”

டீச்சர் முகத்தைக் குளத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

“ஆசாரிக்கு நான் போட்டோவா காட்டுனேன்? அவன் அடிச்சது அது” என்றார் கோமதிநாயகம். “கையை வெட்டட்டுமான்னு கேட்டேன்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அதுக்காவது... ரெண்டு கை... இருக்கட்டும்.”

அவர் கத்தரியைப் பிடித்தபடி நின்றார்.

ஆவுடையம்மாள் இடது கையை ஓங்கினாள். “ஆவுடை” என்றாள். உருவம் வெயிலில் ஒரு தரம் மின்னித் தண்ணீருக்குள் போனது.

“போட்டாச்சு” என்றாள் அவளே.

அவ்வளவுதான். கோடை முழுவதும் அவரால் முடியாமல் இருந்தது அவ்வளவுதான். அவர் தண்ணீரில் விரிந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கரையைத் தொட்டு இல்லாமல் போனது.

“வா, போவோம். படி வழுக்கும்.”

ஆவுடையம்மாள் எழுந்திருக்கவில்லை.

“இன்னொண்ணு... செய்யணும்.”

“என்னது?”

“நானும்... வேண்டுனேன். ஆஸ்பத்திரியில.”

“நீயா? உனக்கு அப்ப நெனவே இல்லியே!”

“இருந்துச்சு. கண்ணு... தெறக்க வரல. வாயி... வரல. உள்ளுக்குள்ள... வேண்டுனேன்.”

“என்ன போடுதேன்னு வேண்டுனே?”

“கை.”

கோமதிநாயகம் மெல்லக் குனிந்து அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“அது வராதுட்டீ. டாக்டரு சொல்லிட்டாரு. உங்கிட்ட மறைக்கல நான். அந்தக் கை வராது.”

“என் கை... இல்ல.”

“பிறகு?”

“இருட்டா... இருந்துச்சு. ஒரு கை... என்னப் பிடிச்சிட்டே... இருந்துச்சு. எல்லாரும் போனாங்க. வந்தாங்க. அது... போகல. விட்டிரப்படாதுன்னு... வேண்டுனேன்.”

ஆவுடையம்மாள் இடது கையை நீட்டினாள். அவர் விரல்களிலிருந்து கத்தரியை எடுத்துப் படியில் வைத்தாள். அந்த உள்ளங்கையை மேலாகத் திருப்பி, டீச்சருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.

“ஆசாரிகிட்ட... இதைக் காட்டுங்க” என்றாள்.